குண்டுக்கு அஞ்சிக் கட்டிய கூரை

சென்னை புனித ஜார்ஜ் கோட்டைக்குள், தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்திலேயே நிற்கிறது புனித மேரி ஆலயம். சூயஸுக்குக் கிழக்கே ஆங்கிலிக்கன் சபையின் மிகப் பழைய தேவாலயம் இதுதான். இங்கிலாந்தின் ஊர்க்கோவில்கள் பலவும் இடைக்காலத்தில் கத்தோலிக்கருக்காகக் கட்டப்பட்டு, 16-ஆம் நூற்றாண்டில் சபை பிரிந்தபோது கைமாறியவை. இது அப்படியல்ல. தொடக்கமே ஆங்கிலிக்கன்தான்.

ஆளுநர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் 1678 மார்ச் 25 அன்று வேலையைத் தொடங்கிவைத்தார். மரியன்னைக்கு வானதூதர் மங்களவார்த்தை சொன்ன திருநாள் அது; ஆலயத்தின் பெயர் அந்த நாளால் வந்தது. செலவுக்குக் கோட்டையிலிருந்த ஆங்கிலேயர் தங்களுக்குள் திரட்டிய நன்கொடை 805 வராகன். 1680 அக்டோபர் 28 அன்று பிரதிஷ்டை நடந்தது. ஒரு வாரத்தில் முதல் திருமணம். மாப்பிள்ளை எலிஹு யேல், பின்னாளில் சென்னை ஆளுநரானவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் தாங்கியிருப்பது அவர் பெயரைத்தான்.

நடுக்கூடம், இருபுறமும் பக்கக்கூடங்கள், கிழக்கே பலிபீடம், மேற்கே மணிக்கூண்டு என்று அமைப்பு இங்கிலாந்து ஊர்க்கோவிலுடையதே. கட்டிய விதம்தான் வேறு. வரைந்தவர் வில்லியம் டிக்சன் என்ற பீரங்கிப்படைத் தலைவர் என்பார்கள். கட்டடத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. வெளிச்சுவர் 4 அடி கனம். கூரை 2 அடி கனத்தில், செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு வளைத்துக் கட்டியது. மேலே விழும் குண்டைத் தாங்குவதற்காக அந்த வளைவு. தீப்பிடிக்கும் என்பதால் கதவு, ஜன்னல் தவிர வேறெங்கும் மரம் சேர்க்கவில்லை. மணிக்கூண்டு 1701-இல் எழுந்தது, இன்றைய கூர்முனை 1795-இல்.

அந்த முன்னெச்சரிக்கை வீண்போகவில்லை. 1758-59 சென்னை முற்றுகையில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையினர், இன்று சட்டக் கல்லூரி இருக்குமிடத்திலிருந்த பழைய ஆங்கிலேயர் கல்லறைகளின் மறைவில் நின்று கோட்டையைத் தாக்கினர். இனி அந்த மறைவே கூடாதென்று ஆங்கிலேயர் கல்லறைகளை இடித்து, கல்வெட்டுப் பலகைகளை ஆலய முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஹைதர் அலி பயம் வந்தபோது அவற்றையே பெயர்த்துப் பீரங்கிகளுக்கு மேடையாக்கினார்கள். செத்தவர்களுக்கும் படைவேலை! பலிபீடத்துக்கு மேலுள்ள இராப்போஜன ஓவியமும் போரில் வந்ததே. 1761-இல் புதுச்சேரி வீழ்ந்தபோது அங்கிருந்து எடுத்துவரப்பட்டது என்பது வழக்கு.

ராபர்ட் கிளைவுக்கும் மார்கரெட் மாஸ்கலினுக்கும் 1753-இல் திருமணம் நடந்தது இங்கேதான். ஆளுநர் தாமஸ் மன்றோவின் உடல் கிடப்பதும் இங்கேதான். முற்றத்தில் பதித்த கற்களில் எலிசபெத் பேக்கருடையது 1652-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஆலயத்தைவிட அதற்கு 28 வயது அதிகம்.