ரிவஸ்டன் இறக்கமும் மூன்று மில்லிமீற்றர் பேடும்

ரிவஸ்டன் பக்கமிருந்து இரத்தோட்டைக்கு இறங்கும் காரின் பிரேக் என்ன பாடுபடுகிறது என்பதை ஒரு சின்னக் கணக்கிலேயே பார்த்துவிடலாம். ஆட்களும் சாமான்களுமாக 1,000 கிலோ எடையுள்ள கார் 100 மீற்றர் உயரம் இறங்குகிறது. வேகம் கூடாமல் பிரேக்கால் மட்டுமே பிடித்து வைத்தால், அதில் பிறக்கும் சூடு மூன்று லீற்றர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ரிவஸ்டன் உச்சி கடல் மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேல்; மாத்தளை நகரம் ஏறக்குறைய 360 மீற்றர். பாதை உச்சியைத் தொடாது என்று கழித்துக்கொண்டாலும், பெடலிலிருந்து காலை எடுக்காமலே இறங்குகிறவர் இருபது லீற்றருக்கும் மேல் கொதிக்கும் சூட்டைச் சக்கரங்களுக்குள் கொட்டிவிட்டுத்தான் ஊர் வந்து சேர்வார்.

மாத்தளைக்காரருக்குப் பிரேக் செலவு சமதரைக்காரரைவிட அடிக்கடி வருவது இதனால்தான். கண்டியிலிருந்து வரும் ஏ9 பாதை பலகடுவையில் வளைந்து வளைந்து இறங்குகிறது. எல்கடுவைப் பக்கத் தோட்டப் பாதைகளோ ஒரு வளைவு முடியுமுன் அடுத்ததைக் கொண்டுவந்து நிறுத்தும். நம் வாகனங்களும் வயதானவை. 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. நடுவில் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது உதிரிப்பாக விலையும் கூடவே ஏறியது. பழைய மாருதியும் அல்டோவும் டவுன்ஏஸ் வேனும்தான் இன்னும் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகின்றன. கையிலுள்ள காசுக்குள் அவற்றின் பிரேக்கைச் சரியாக வைத்திருக்க முடியும். எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே பிடிக்கவே கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

பெரும்பாலான சிறிய கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் பிரேக் ஒயிலைக் குழாய் வழியே தள்ளுகிறது. முன்சக்கரத்தில் அந்த அழுத்தம் கலிப்பருக்குள் உள்ள பிஸ்டனைத் தள்ள, சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பேட்கள் இருபுறமும் கவ்வும். பின்சக்கரத்தில் பிறை வடிவ ஷூ இரண்டும் விரிந்து டிரம்மின் உட்சுவரில் உரசும். பிரேக் பிடித்ததும் பாரம் முன்னால் சாய்வதால் வேலையில் பெரும்பங்கு முன்பக்கத்துக்குத்தான். இறக்கத்தில் இன்னும் அதிகம். டிஸ்க் காற்றுப் படும்படி இருப்பதால் சீக்கிரம் ஆறும். டிரம்முக்குள் சூடு தங்கிவிடும். சூடேறிய டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகுவதால், இறக்கம் முடியும் நேரத்தில் பெடல் வழக்கத்தைவிடக் கீழே போகும்.

பேடும், ஷூவின் மேலுள்ள லைனரும் தேய்வதற்கென்றே செய்தவை. இந்த ஏற்பாடு பிறந்ததே வழியில் பார்த்த ஒரு மலிவான திருத்த வேலையில்தான் என்பார்கள். 1888 ஆகஸ்டில் ஜெர்மனியில் பெர்த்தா பென்ஸ், கணவர் கார்ல் பென்ஸ் செய்த மூன்று சக்கர மோட்டார் வண்டியை மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டிப்போனார். கூட இருந்தவர்கள் இரண்டு மகன்கள். இறக்கங்களில் பிரேக் கட்டை தேய்ந்துபோக, வழியில் செருப்புத் தைக்கும் ஒருவரிடம் அதன்மேல் தோலை ஆணியடித்து வாங்கிக்கொண்டார். பிறகு 1897இல் இங்கிலாந்தின் டர்பிஷயர் மலைப்பகுதியில் ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவர் பிரேக்குக்கென்றே உரசு பொருள் செய்யத் தொடங்கினார். இறக்கத்தில் வண்டிக்காரர்கள் பழைய சப்பாத்தைச் சக்கரத்தில் அழுத்திப் பிடிப்பதைப் பார்த்து வந்த யோசனை என்று சொல்வார்கள். அவர் தொடங்கிய ஃபெரோடோ பெயரில் இன்றும் பேட்கள் விற்கின்றன. மலைப்பாதையில் போகிறவர்களின் தேவையிலிருந்து வந்த பொருள் என்பதால் எனக்கு இதன்மேல் தனி மரியாதை உண்டு.

இனிக் காசு விஷயம். புதுப் பேடில் உரசும் பகுதி பத்து மில்லிமீற்றர் அளவில் இருக்கும். மூன்றுக்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும். உண்மையான மிச்சம் இந்த நேரம் தவறாமையில்தான். பல பேட்களில் ஒரு சிறு உலோக நாக்கு இருக்கும். தேய்மானம் எல்லைக்கு வந்ததும் அது டிஸ்கில் பட்டுக் கீச்சிடும். அதைக் கேட்டுக்கொண்டே ஓட்டினால் பேடின் பின்தகட்டு இரும்பு டிஸ்கைச் சுரண்டத் தொடங்கும். ஒரு செட் பேடோடு முடிய வேண்டிய செலவில் இரண்டு டிஸ்கும் சேர்ந்துகொள்ளும். ஒயில் டப்பாவும் தகவல் சொல்லும். பேட் தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வருவதால் ஒயில் மட்டம் மெல்ல இறங்கும். உடனே ஊற்றி நிரப்புவது நம்மிடம் உள்ள கெட்ட பழக்கம். முதலில் சக்கரத்தைக் கழற்றிப் பேடைப் பாருங்கள். பேடும் லைனரும் நன்றாக இருந்தும் ஒயில் குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைப் பிடிக்கும்வரை அந்தக் கார் மலை ஏறக்கூடாது.

பேட் மாற்றும்போதெல்லாம் டிஸ்கையும் மாற்ற வேண்டியதில்லை. குறைந்தபட்சத் தடிப்பு டிஸ்கிலேயே பொறித்திருக்கும். டிரம்மில் அதிகபட்ச விட்டம். அந்த எல்லைக்குள் இருந்தால், பெடல் அதிர்ந்தாலும் லேத்தில் கொடுத்துச் சீவிக்கொள்ளலாம். பிஸ்டன் ரப்பர் மட்டும் பழுதானால் ரப்பர் செட் போதும், முழுக் கலிப்பர் வேண்டாம். பின்பக்க ஷூவின் இரும்பு நேராக இருந்தால் அதிலேயே புது லைனர் ஒட்டியோ ரிவெட் அடித்தோ வாங்கலாம். ரிவெட் தலை டிரம்மைத் தொடுமுன் மாற்றிவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக்கூடாது. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பாவித்த டிரம் வாங்கினால் தவறில்லை, அளந்து வாங்குங்கள். பாவித்த பேட் மட்டும் வேண்டவே வேண்டாம். அது பட்ட சூடு யாருக்கும் தெரியாது. ஒரு பக்கம் மட்டும் மாற்றுவதும் ஆகாது, ஈர வளைவில் கார் ஒருபக்கமாக இழுத்துவிடும்.

பிரேக் ஒயிலில் கைச்சுருக்கம் கூடாது. டொட் 3 வகை புதிதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும், டொட் 4 என்றால் 230. ஆனால் இரண்டுமே காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய டொட் 3க்கு நிர்ணயம் 140 பாகைதான். கலிப்பர் அவ்வளவு சூடானால் ஒயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். பெடல் தரைவரை போயும் கார் நிற்காது. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் மாற்றுவதும், எப்போதோ திறந்து வைத்த போத்தலின் மிச்சத்தை ஊற்றாமலிருப்பதும் அதனால்தான்.

பேட் மாற்றும் வேலை கைப்பழக்கம் உள்ளவருக்குக் கடினமில்லை. சமதரையில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஜெக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டும் கொடுக்க வேண்டும். பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கலிப்பரைக் கழற்றினால் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். அடுத்து, கலிப்பர் நகரும் பின் இரண்டையும் இழுத்துப் பாருங்கள். பல கராஜ்களில் அவசரத்தில் விட்டுப்போவது இதுதான். பின் இறுகியிருந்தால் பெரும்பாலும் உள்பக்கப் பேட் முடிந்திருக்கும், வெளிப்பக்கத்தது பாதிகூடத் தேய்ந்திருக்காது. துருவைத் துடைத்து, ரப்பரைக் கெடுக்காத பிரேக் கிரீஸ் மட்டும் பூச வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஒயில் டப்பா நிரம்பி வழியும். வழிந்தால் பெயின்ட் போய்விடும். எல்லாம் பூட்டியபின், காரை நகர்த்துமுன் பெடல் இறுகும்வரை பலமுறை மிதியுங்கள். மிதிக்காமல் புறப்பட்டால் முதல் மிதியில் பிரேக் இருக்காது. அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் பிரேக் மின்கட்டுப்பாட்டில் இயங்குவதால், அந்த வேலையை ஸ்கேனர் உள்ள இடத்தில் கொடுப்பதே நல்லது.

புதுப் பேடோடு நேரே ரிவஸ்டன் போகக்கூடாது. நாலந்தைப் பக்கம் வாகனம் குறைந்த நேரத்தில், மிதமான வேகத்திலிருந்து முழுவதும் நிற்காமல் இருபது தடவையாவது மெதுவாகப் பிரேக் பிடித்து, நடுநடுவே ஆறவிட்டு ஓட்டினால் பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று பொருந்திக்கொள்ளும். பிறகு மலை இறங்கும்போது இரண்டாம் கியர், தேவையானால் முதல் கியர். கார் இழுக்க இழுக்க எஞ்சினே பிடித்துக்கொள்ளும், பெடல் வளைவுக்கு மட்டும். இறங்கி முடிந்ததும் கையால் தொடாமல் நான்கு சக்கரத்துக்கும் அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். முன்சக்கரம் இரண்டும் ஒரே அளவு சூடாக இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கத்துப் பின்னோ பிஸ்டனோ இறுகியிருக்கிறது, மறுபடி கழற்றுங்கள்.