மஞ்சக்குடி காட்டிய வழி

காவிரியும் அதன் கிளையாறுகளும் பாய்ந்து வளம் பெருக்கும் நாடு தஞ்சை நாடு. குறுவை அறுவடை முடிந்து களத்தில் நெல் குவியும் காலம், உழவர் இல்லங்களில் மகிழ்ச்சி பொங்க வேண்டிய காலம். ஆயினும், அந்நாளிலும் சில வீடுகளில் அடுப்பு எரிவதில்லை. பகலெல்லாம் உழைத்துப் பெற்ற கூலி, வீடு வந்து சேருமுன் மதுக்கடையில் கரைந்துவிடுகிறது. அவ்வீட்டுத் தாய் அண்டை வீட்டில் அரிசி கடன் கேட்கும்பொழுது, உண்மைக் காரணத்தைக் கூற நாணி வேறொன்றைக் கூறுகிறாள். அவ்வாறு மறைப்பதும் இந்நோயின் ஒரு கூறே ஆகும்.

நோய் என்றோம். குடியைப் பழி என்றும் பாவம் என்றும் பிறர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆனால், நெடுநாள் மிகுதியாகக் குடித்தவரின் உடல் மதுவுக்கே பழகிப்போகிறது. அதனைத் திடீரென நிறுத்தினால் கை நடுங்கும், உறக்கம் கெடும், சிலருக்கு வலிப்பும் மனக்குழப்பமும் தோன்றி உயிருக்கே இடர் நேரும். ஆதலால், இத்தகையவரை அறையில் பூட்டி வைத்துத் திருத்த முயல்வது பெருந்தவறு. முதலில் அவர் மருத்துவரிடம் செல்ல வேண்டும். நம் மாநிலத்தில் சட்டமும் முயன்று பார்த்தது. 1937-இல் சேலம் மாவட்டத்தில் இராசாசி தொடங்கிய மதுவிலக்கு, 1948-இல் மாகாணம் முழுவதும் பரவி, 1971-இல் தளர்த்தப்பட்டது. கடையைப் பூட்டச் சட்டத்தால் இயலும். குடித்தே தீரவேண்டும் என்னும் வேட்கையைப் பூட்ட வேறு துணை வேண்டும்.

அத்துணை எது என்பதை ஒருவர் தற்செயலாகக் கண்டறிந்தார். 1935-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆக்ரன் என்னும் நகருக்கு வணிகம் கருதிச் சென்ற வில்லியம் வில்சன், முயற்சி தோற்று மனமுடைந்து நின்றார். குடியை விட்டுச் சில திங்களே ஆகியிருந்தன. தங்கியிருந்த விடுதியின் மதுக்கூடம் அவரை ஈர்த்தது. அவரோ தொலைபேசியை நாடினார். தம்மைப்போல் குடியால் துன்புறும் ஒருவரிடம் பேசினால்தான் தப்ப முடியும் என்று அவர் உள்ளம் கூறிற்று. அவ்வாறு அவர் சந்தித்தவர் இராபர்ட் சிமித் என்னும் அறுவை மருத்துவர். கால் மணி நேரம் பேசலாம் என்று வந்த மருத்துவர் பல மணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அந்நட்பிலிருந்து பிறந்ததே ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ என்னும் இயக்கம். பெயரை வெளியிடாத குடிநோயாளர் என்பது அதன் பொருள். 1957-இல் அது இந்தியாவிலும் கால்கொண்டது.

அதன் கூட்டத்தில் நடப்பது மிக எளியது. ஒரு பள்ளி அறையிலோ கோயில் மண்டபத்திலோ சிலர் கூடியமர்கின்றனர். கட்டணம் இல்லை, ஊரும் சாதியும் கேட்பதில்லை. குடியை விடவேண்டும் என்னும் விருப்பம் ஒன்றே தகுதி. ஒருவர் தம் வரலாற்றைக் கூறுகிறார். ஏனையோர் குறுக்கிடாமல் கேட்கின்றனர். வாழ்நாள் முழுதும் குடியேன் என்று சூளுரைப்பதில்லை. இன்று ஒருநாள் குடியாதிருப்போம் என்பதே பேச்சு. பிறன் கதையில் தன் முகத்தைக் காணும் இந்த நிலையை வள்ளுவரும் எண்ணிப் பார்த்தார்போலும்! கள்ளுண்ணாமை அதிகாரத்தின் இறுதிக் குறள், தெளிந்திருப்பவன் மயங்கிக் கிடப்பவனைக் காணும் காட்சியையே நம்முன் நிறுத்துகிறது.

இனித் தஞ்சை நாட்டுக்கு வருவோம். தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், 1980-இல் சென்னையில் ஒரு சிகிச்சை நிறுவனத்தைத் தொடங்கினார். ஆனால், முந்நூறு கிலோமீட்டர் கடந்து, நாட்கூலியை இழந்து, வயல் வேலை செய்பவர் அங்கே சென்று தங்குவது எங்ஙனம்? நோயாளி வர இயலாதெனில் மருத்துவமனை செல்லட்டும் என்று முடிவாயிற்று. 1989-இல் குடவாசலை அடுத்த மஞ்சக்குடியில் முகாம் தொடங்கிற்று. அன்று தஞ்சை மாவட்டத்தில் இருந்த அவ்வூர் இன்று திருவாரூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. ஊரார் துணைநிற்க, மருத்துவர்களும் ஆலோசகர்களும் அங்கேயே தங்கினர். நடுக்கம் நீங்க மருந்து அளித்தனர். பின்னர்க் கூட்டமாக அமர்த்திப் பேசவைத்தனர். மனைவியரையும் அழைத்து அறிவுரை கூறினர். முகாம் முடிந்த பின்னரும் தொடர்ந்து சந்தித்தனர். இவ்வனுபவத்தைப் பற்றி அவ்வம்மையார் எழுதிய கட்டுரை 1994-இல் ‘அடிக்சன்’ என்னும் ஆங்கில ஆய்விதழில் வெளிவந்தது. நாற்று நடும் ஊர் ஒன்றின் பெயரை அயல்நாட்டு மருத்துவர்கள் அவ்வாறு அறிந்தனர்.

உங்களுக்குத் தெரிந்தவர் ஒருவருக்கு இத்துணை தேவைப்படின் எங்கே கேட்பது? தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ வேறு அரசு மருத்துவமனையிலோ மனநலப் பிரிவில் கேட்கலாம். அண்மையில் எந்த ஊரில், எக்கிழமையில் கூட்டம் நடைபெறுகிறது என்பதையும் அங்கேயே விசாரித்தறியலாம். 14416 என்னும் அரசின் மனநல உதவி எண்ணும் உண்டு. சொந்த ஊரில் நாணம் தடுத்தால் பேருந்தேறி அடுத்த ஊர்க் கூட்டத்திற்குச் செல்வதில் தவறில்லை. மயக்கத்தில் இருப்பவரிடம் இதனைக் கூறிப் பயனில்லை. காலையில் தெளிந்திருக்கையில் கூறுக. மறுத்தாரெனினும் வீட்டார் தமக்கெனத் துணை தேடலாம். குடிநோயாளரின் குடும்பத்தார்க்கென 1951-இல் ‘அல்-அனான்’ என்னும் தனி அமைப்புத் தோன்றியது. அதன் வழியில் இளைஞர்க்கென ‘அலட்டீன்’ 1957-இல் எழுந்தது. தந்தை குடிப்பதற்குத் தான் காரணமோ என்று உள்ளுக்குள் வருந்தும் பிள்ளைகள் அங்கே முதலில் கேட்கும் சொல், அது உன் குற்றமன்று என்பதே.

புதியவர் பெரும்பாலும் காலந்தாழ்ந்து வருவார், கதவோரம் அமர்வார், எவரையும் நிமிர்ந்து பாரார். அவரை ஒருவரும் வினவுவதில்லை. கூட்டம் முடிந்ததும் ஒருவர் அவர் கையில் தேநீரைக் கொடுத்து, அடுத்த கூட்டம் நடைபெறும் நாளைச் சொல்லி அனுப்புவார்.