நான்கு முழத் தொலைவில் ஓர் ஒளிபரப்பு



தஞ்சைத் தரணியில் ஒரு நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்று பெயர் வழங்கியதை உங்கள் பாட்டனார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாக்கப்பட்ட ஆடுதுறை 27 என்னும் குறுகிய காலப் பயிரே அது. 1960-களின் இடைப்பகுதியில் திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம், அந்நெல்லின் இயல்பையும் பயிரிடும் முறையையும் உழவர்களுக்கு எடுத்துரைத்தது. கேட்டவர்கள் விதைத்தார்கள்; விதைத்தவர்கள் செய்தி கொண்டுவந்த கருவியின் பெயரையே நெல்லுக்கும் சூட்டிவிட்டார்கள். கண்ணுக்குப் புலப்படாத அலையொன்று அறிவைச் சுமந்து வந்து, வயலிலே கதிராக முற்றிய வரலாறு இது.

அன்று அந்த அலை பல காத தூரம் பரவியது. இன்று நான் பேச எடுத்துக்கொண்டதோ ஓர் அறைக்குள், நான்கு முழத் தொலைவே செல்லும் அலையைப் பற்றியது. கைபேசியின் சிறிய திரையில் தோன்றும் படம், இடையே கம்பி ஏதுமின்றித் தொலைக்காட்சிப் பெட்டியின் பெரிய திரையிலும் தோன்றுகிறதே, அது எவ்வாறு நிகழ்கின்றது என்பதே நம் பொருள்.

இப்பொருளில் எனக்கு நாட்டம் ஏற்பட்டது ஒரு பிழையினால்தான். ஓய்வு பெற்ற பின்னர், வெண்ணாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லி வந்தேன். இலைகள் உணவு சமைக்கும் முறையை விளக்கும் படம் ஒன்றை என் கைபேசியில் பதிவிறக்கி வைத்திருந்தேன். அங்கிருந்த தொலைக்காட்சியில் அதைக் காட்டுவதாக ஏற்பாடு. நாற்பது பிள்ளைகள் கூடிவிட்டனர். அந்த நேரம் பார்த்துக் கைபேசிக் கோபுரத்தின் அலைவரிசை அற்றுப்போயிற்று. "இணையம் இல்லை, படம் காட்ட இயலாது" என்று கூறி வகுப்பைக் கலைத்துவிட்டேன். எல்லோரும் எழுந்தனர். ஒரு சிறுமி மட்டும் நின்று, "ஐயா, படம் உங்கள் கைபேசிக்குள்தானே இருக்கிறது? எதிரே இருக்கிற பெட்டிக்குப் போவதற்கு இணையம் எதற்கு?" என்று வினவினாள். எனக்கு விடை தெரியவில்லை. அவ்விடையைத் தேடி நான் அறிந்தவற்றையே இப்போது உங்களுக்குக் கூறுகிறேன்.

இச்செயலை ஆங்கிலத்தில் 'மிரரிங்' என்பர். கண்ணாடிபோற் காட்டுதல் என்பது பொருள். ஆனால் உண்மையில் இங்கே கண்ணாடியின் வேலை எதுவும் இல்லை. கண்ணாடி ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. கைபேசியோ தன் திரையில் உள்ளதை எண்களாக எழுதி அனுப்புகிறது. தொலைக்காட்சி அவ்வெண்களைப் படித்துப் படத்தைப் புதிதாக வரைகிறது.

எத்தனை எண்கள் என்று கணக்கிட்டுப் பார்ப்போம். திரையில் ஒரு புறம் 1,920 புள்ளிகளும் மறுபுறம் 1,080 புள்ளிகளும் இருப்பதாகக் கொள்வோம். பெருக்கினால் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று நிறங்களின் அளவைக் குறிக்க 24 பிட்டுகள் வேண்டும். பிட் என்பது ஒன்று அல்லது சுழி என்னும் ஒரே ஓர் இலக்கம். படம் அசைவதுபோலத் தோன்ற விநாடிக்கு 30 படங்கள் வேண்டும். எல்லாவற்றையும் பெருக்கிப் பாருங்கள்: விநாடிக்கு ஏறத்தாழ 149 கோடி பிட்டுகள் வருகின்றன. வீட்டில் உள்ள வைஃபை அலை இவ்வளவையும் தடையின்றிச் சுமப்பது அரிது. மேட்டூரில் திறக்கும் நீர் முழுவதையும் நம் ஊர் வாய்க்கால் ஒன்றிலேயே விட முடியுமா? வாய்க்காலுக்கு ஏற்ற அளவே நீர் விட வேண்டும்.

ஆதலின் கைபேசி முதலில் படத்தைச் சுருக்குகிறது. சுருக்கும் முறையை வகுப்பறை உவமை கொண்டு விளக்கலாம். நாற்பது மாணவர் கொண்ட வகுப்பின் வருகையைத் தலைமையாசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும். முதல் நாள் நாற்பது பெயர்களையும் எழுதி அனுப்பவேண்டியதுதான். மறுநாள் முதல் "வராதவர் இன்னின்ன மூவர், ஏனையோர் உளர்" என்று ஒரு வரி எழுதினாற் போதாதா? படத்திலும் அவ்வாறே. பேசுகின்றவரின் உதடுகள் அசைகின்றன. பின்னால் உள்ள சுவர் அசைவதில்லை. அசையாத சுவரை விநாடிக்கு முப்பது முறை எழுதி அனுப்புவானேன்? மாறிய பகுதியை மட்டும் அனுப்பினாற் போதும். ஒரு பகுதி மாறாமல் இடம் மட்டும் பெயர்ந்திருந்தால், "இப்பகுதி இவ்வளவு தள்ளி நிற்கிறது" என்று குறித்தாற் போதும். இடையிடையே முழுப் படம் ஒன்றையும் அனுப்பிவைப்பர்; பிழை நேர்ந்திருந்தால் அது திருத்திவிடும். இவ்வாறு சுருக்குவதற்கு 2003-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட எச்.264 என்னும் விதிமுறை இன்றும் பெருவழக்காக உள்ளது. 149 கோடி பிட்டுகள் ஒரு கோடிக்கும் கீழே சுருங்கிவிடுவது இதனால்தான்.

சில வேளைகளில் தொலைக்காட்சியில் படம் சதுரம் சதுரமாகச் சிதறித் தோன்றி, மறு நொடியே சீராவதைக் கண்டிருப்பீர்கள். வழியில் சில எண்கள் தவறிவிட்டன என்பதும், அடுத்த முழுப் படம் வந்து அதைச் சரிசெய்தது என்பதும் இப்போது உங்களுக்கே விளங்கும்.

சுருக்கிய எண்களைச் சுமந்து செல்வது வானொலி அலையின் உடன்பிறப்பே. நம் மத்திய அலை வானொலியின் அலைநீளம் நூற்றுக்கணக்கான மீட்டர். வைஃபை அலையோ, விநாடிக்கு 240 கோடி முறை அதிர்வதாயின் பன்னிரண்டரை சென்டிமீட்டரே நீளமுடையது. 500 கோடி முறை அதிர்வதாயின் ஆறு சென்டிமீட்டர். இதனினும் குறுகிய, மில்லிமீட்டர்களால் அளக்கத்தக்க அலைகளை நம் நாட்டு அறிஞர் ஜகதீச சந்திர போஸ் 1890-களிலேயே ஆக்கி ஆராய்ந்தார். 1895-இல் கல்கத்தாவில் பலர் காண அலையை அனுப்பி, கம்பித் தொடர்பின்றித் தொலைவிலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார் என்பது பெருமையுடன் நினைக்கத்தக்கது.

இனி அச்சிறுமியின் வினாவுக்கு வருவோம். வைஃபை வேறு, இணையம் வேறு. வைஃபை என்பது இரு கருவிகளுக்கு இடையே உள்ள அலைப் பாலம். இணையம் என்பது உலகெங்கும் விரிந்த வலை. பாலம் வலையோடு இணைந்திருக்கலாம், இணையாமலும் இருக்கலாம். நம் தெருவில் அடுத்த வீட்டுக்குப் போக நெடுஞ்சாலை தேவையில்லை அல்லவா? 2012-இல் வைஃபை அலையன்ஸ் என்னும் அமைப்பு வெளியிட்ட மிராகாஸ்ட் என்னும் முறை இவ்வகையினது. கைபேசி தொலைக்காட்சியைத் தேடிக் கண்டுபிடிக்கிறது. "எத்தனை புள்ளிகள் கொண்ட படத்தை உன்னால் காட்ட முடியும்?" என்று ஒன்றையொன்று கேட்டு உடன்படுகின்றன. பிறர் படிக்கவியலாதவாறு செய்தியை மறைகுறியாக்கிப் பரிமாறுகின்றன. இவை யாவும் அவ்விரண்டுக்குள்ளேயே நிகழ்கின்றன. கோபுரமும் வேண்டா, இணையக் கட்டணமும் வேண்டா. இரண்டிலும் வைஃபை இயங்கினாற் போதும். மின்சாரம் இருந்தாற் போதும்.

இதற்கு நேர்மாறான மற்றொரு முறையும் உண்டு. அதனை 'காஸ்டிங்' என்பர். 2013-இல் வந்த குரோம்காஸ்ட் என்னும் சிறு கருவி இதனைப் பரவச் செய்தது. இணையத்தில் உள்ள ஒரு படத்தை இம்முறையில் காட்டும்போது, கைபேசி படத்தைச் சுமப்பதில்லை. "இன்ன இடத்தில் இன்ன படம் இருக்கிறது, எடுத்துக்கொள்" என்று ஆணை மட்டும் இடுகிறது. தொலைக்காட்சி தானே இணையத்துக்குச் சென்று படத்தைக் கொணர்கிறது. முதலாவது, குளத்து நீரை நாமே குடம் குடமாக முகந்து வயலுக்கு ஊற்றுவது போன்றது. இரண்டாவது, மடையைத் திறந்துவிடச் சொல்லிவிட்டு வரப்பில் நிற்பது போன்றது. முதல் முறையில் கைபேசியின் மின்கலம் விரைவில் தீரும். ஆனால் இணையம் வேண்டுவதில்லை. இரண்டாவதில் கைபேசிக்கு ஓய்வு உண்டு. ஆனால் இணையம் அற்றால் படமும் அற்றது. நான் அன்று செய்த பிழை, இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதியதே.

எல்லாக் கைபேசிகளும் எல்லாப் பெட்டிகளும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. ஆப்பிள் நிறுவனத்தின் கைபேசிகளுக்கு 2010-இல் வந்த ஏர்பிளே என்னும் தனி முறை உண்டு. ஆண்ட்ராய்டு கைபேசிகளிலும் சிலவற்றில் மிராகாஸ்ட் இராது. தமிழக அரசு 2006 முதல் இலவசமாக வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிகள் பழைய படக்குழாய் வகையின. அவற்றுக்கு இவ்வலையை ஏற்கும் ஆற்றல் இல்லை. எச்.டி.எம்.ஐ. துளை உள்ள பெட்டியாயின், அதில் செருகும் ஏற்பிக் கருவி கடைகளில் கிடைக்கிறது. வாங்குமுன் உங்கள் கைபேசி எம்முறையை ஏற்கும் என்று கேட்டறிந்து வாங்குங்கள். எதுவும் கைகூடாவிடில், படத்தைப் பென் டிரைவில் பதிந்து, அதற்குரிய துளை உள்ள பெட்டியில் செருகிக் காட்டலாம். அதில் இழிவு ஒன்றும் இல்லை.

பயன்படுத்துகையில் மனங்கொள்ள வேண்டியவை சில. சுருக்கவும், அனுப்பவும், விரிக்கவும் சிறிது நேரம் ஆகுமாதலால், பெரிய திரை சிறிய திரைக்குச் சற்றுப் பின்தங்கியே வரும். பாடப் படத்துக்கு அது குறையன்று. விரைவாக விளையாடும் ஆட்டத்துக்குக் குறைதான். பழைய வீடுகளின் தடித்த சுவர்கள் அலையின் வலுவைக் குறைக்கும். குறிப்பாக, 500 கோடி அதிர்வுடைய அலை சுவரைக் கடக்க மிகவும் தயங்கும். மனித உடலில் நீர் மிகுதியாதலின் அதுவும் அலையை உறிஞ்சும். ஆகவே கைபேசியைப் பெட்டிக்கு எதிரே, இடையில் ஒருவரும் நில்லாத இடத்தில் வையுங்கள்.

இவற்றினும் முக்கியமானது ஒன்று. திரையைக் காட்டும்போது திரையில் வரும் அனைத்தும் காட்டப்படும். பாடத்தின் நடுவே வரும் நண்பரின் கடிதமும், வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவெண்ணும் நாற்பது பேர் கண்ணிலும் படும். தொடங்குமுன் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். எதிரே இருக்கும் பெட்டிக்குக் காட்டுவதிலேயே இத்தனை எச்சரிக்கை வேண்டுமாயின், முகமறியாத ஒருவர் தொலைபேசியில் அழைத்து, "ஒரு செயலியை நிறுவி உங்கள் திரையை எனக்குக் காட்டுங்கள்" என்று கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வேண்டுவதில்லை. இவ்வழியில் பணம் பறிபோவதைக் குறித்து ரிசர்வ் வங்கி 2019-இலேயே எச்சரித்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியோருக்கும் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

2018 முதல் வெளிவந்த நம் பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டுள்ளன. அவற்றின் வழியே கிடைக்கும் காணொளிகளை அலைவரிசை நன்றாக உள்ள இடத்தில் முன்கூட்டியே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டில் ஒரு கைபேசியே இருப்பினும், ஒரு தெருவில் ஒரு தொலைக்காட்சியே இருப்பினும், அத்தெருப் பிள்ளைகள் அனைவரும் கூடிக் கற்கலாம். ஊருக்கு ஒரு வானொலிப் பெட்டியை வைத்துக்கொண்டு, அதைச் சுற்றி அமர்ந்து பயிர்த்தொழில் கற்ற உழவரின் பேரப்பிள்ளைகள் அல்லவா நீங்கள்?

மறுநாள் மாலை அந்த வகுப்பை மீண்டும் கூட்டினேன். கோபுரம் அன்றும் உறங்கிக்கொண்டுதான் இருந்தது. கைபேசியை அச்சிறுமியின் கையிலேயே கொடுத்தேன். பெரிய திரையில் பச்சை இலை விரிந்தது.