கெமிஸ்ட்ரி படித்தாச்சு... சம்பளத்தோடு ஆராய்ச்சியா? வாத்தியார் வேலையா? எந்த கதவை முதலில் தட்டலாம்?

காரைக்குடி,

காரைக்குடி கல்லூரி ரோட்டில் பஸ்சில் போகிற யாருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தை தெரியாமல் இருக்காது. ஊர்க்காரர்கள் வாயில் அது 'சிக்ரி'. வள்ளல் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும், ரூ.15 லட்சம் ரொக்கமும் தூக்கி கொடுத்ததால் இந்த ஊருக்கு வந்து சேர்ந்த நிறுவனம். 1948-ம் ஆண்டு நேரு அடிக்கல் நாட்டினார். 1953-ம் ஆண்டு ஜனவரி 14-ந்தேதி திறந்தார்கள்.

அந்த கேட்டுக்கு உள்ளே வெள்ளை கோட்டு போட்டு பேட்டரி ஆராய்ச்சி செய்கிற பையனுக்கு மத்திய அரசே மாதம் ரூ.37 ஆயிரம் கொடுத்து படிக்க வைக்கிறது. கேட்டுக்கு வெளியே, அதே எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்த இன்னொரு பையன், அப்பா வட்டிக்கு வாங்கிய காசில் பீஸ் கட்டி பி.எச்டி. படித்துக் கொண்டிருப்பான். இருவரும் ஒரே கல்லூரி, ஒரே பெஞ்சாக கூட இருக்கலாம். நடுவில் இருப்பது ஒரு 3 மணி நேர பரீட்சை.

அந்த பரீட்சை என்ன, அதில் தவறினால் வேறு எங்கே காசு கிடைக்கும், வாத்தியார் வேலைக்கு எந்த வழி என்பது பல வீடுகளில் தெரிவதில்லை. "புள்ள எம்.எஸ்சி. முடிச்சிருச்சு, இனிமே என்ன பண்றதுன்னு தெரியல" என்கிற பெற்றோருக்காகவே இந்த விவரம்.

ரூ.24 லட்சம் பரீட்சை

பரீட்சையின் பெயர் சி.எஸ்.ஐ.ஆர்.-யு.ஜி.சி. நெட். ஆண்டுக்கு 2 முறை நடக்கும். கம்ப்யூட்டரில் எழுத வேண்டும். எம்.எஸ்சி.யில் பொதுப்பிரிவினர் 55 சதவீதம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்கள் 50 சதவீதம் மார்க் எடுத்திருக்க வேண்டும். கடைசி வருடம் படித்துக் கொண்டிருப்பவர்களும் எழுதலாம். இது பலருக்கு தெரியாமல் ஒரு வருடத்தை வீணாக்கி விடுகிறார்கள்.

இதில் முன்னணியில் வருகிறவர்களுக்கு கிடைப்பதுதான் ஜே.ஆர்.எப். எனப்படும் இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை. 2019-ல் இருந்து மாதம் ரூ.31 ஆயிரமாக இருந்ததை, 2023-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி முதல் ரூ.37 ஆயிரம் ஆக்கினார்கள். 2 வருடம் கழித்து ஒரு குழு உட்கார்ந்து வேலையை பார்க்கும். திருப்தி என்றால் முதுநிலை உதவித்தொகை, மாதம் ரூ.42 ஆயிரம். அது அடுத்த 3 வருடத்துக்கு.

கணக்கு போட்டு பாருங்கள். முதல் 2 வருடத்தில் ரூ.8 லட்சத்து 88 ஆயிரம். அடுத்த 3 வருடத்தில் ரூ.15 லட்சத்து 12 ஆயிரம். மொத்தம் 5 வருடத்தில் சரியாக ரூ.24 லட்சம். ஹாஸ்டலில் தங்காதவர்களுக்கு வீட்டு வாடகைப்படி தனி. சில்லரை செலவுக்கு என்று ஆண்டுக்கு ரூ.20 ஆயிரமும் உண்டு. இதில் ஒரு பைசா கூட திருப்பி கட்ட வேண்டியது இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்க கூடாது. 1-ந்தேதி ஆனால் டாண் என்று வந்து விழுகிற பணம் அல்ல இது. சேர்ந்த புதிதில் பேப்பர் நகர்ந்து முதல் தொகை கைக்கு வர மாதக்கணக்கில் ஆவது உண்டு. அதுவரை ரூம் வாடகைக்கும், சாப்பாட்டுக்கும் வீட்டில் கொஞ்சம் எடுத்து வைப்பது நல்லது.

வேதியியல் வினாத்தாளில் 120 கேள்விகள் இருக்கும். பயப்பட வேண்டாம். 75 கேள்விக்கு பதில் சொன்னால் போதும். மொத்தம் 200 மார்க். முதல் பகுதி பொது அறிவு, கணக்கு மாதிரி, 30 மார்க். இரண்டாவது பகுதி பாடம், 70 மார்க். சூட்சுமம் மூன்றாவது பகுதியில்தான் இருக்கிறது. 60 கேள்வி கொடுத்து, 25-ஐ மட்டும் எழுத சொல்வார்கள். ஒவ்வொன்றுக்கும் 4 மார்க். அதாவது மொத்த மார்க்கில் பாதி, அந்த 25 கேள்வியில் இருக்கிறது.

தப்பாக எழுதினால் கால் பங்கு மார்க் போய்விடும். குருட்டாம்போக்கில் 'டிக்' அடிக்கிறவர்களுக்கு இது ஆப்பு. கேள்விகள் ஆங்கிலத்திலும், இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ் மீடியத்தில் வந்த பிள்ளைகள் பி.எஸ்சி. படிக்கும்போதே பழைய வினாத்தாளை கையில் எடுத்தால்தான் பழகும்.

ஜே.ஆர்.எப்.புக்கு வயது வரம்பு உண்டு. பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி.க்கும் 5 வருடம் கூடுதல் சலுகை. கல்யாணம், பிரசவம் என்று இடைவெளி விழுந்த பெண்களும் அதனால் எழுதலாம். உதவி பேராசிரியர் தகுதிக்கு மட்டும் என்றால் வயது வரம்பே கிடையாது. ஒரு தடவை பாஸ் செய்தால் ஆயுசுக்கும் செல்லும்.

2024-ம் ஆண்டில் இருந்து ரிசல்ட்டை 3 பிரிவாக வெளியிடுகிறார்கள். முதல் பிரிவுக்கு உதவித்தொகையும் உண்டு, உதவி பேராசிரியர் தகுதியும் உண்டு. இரண்டாவது பிரிவுக்கு தகுதியும், பி.எச்டி. சேர்க்கையும். மூன்றாவது பிரிவுக்கு பி.எச்டி. சேர்க்கை மட்டும். கடைசி 2 பிரிவினர் பி.எச்டி. சேர அந்த மார்க் ஒரு வருடத்துக்குத்தான் செல்லும். 'நெட்டுல வந்துட்டேன்' என்று பிள்ளை சொன்னால், எந்த பிரிவு என்று கேளுங்கள். முதல் பிரிவுக்கும் மூன்றாவது பிரிவுக்கும் வித்தியாசம் ரூ.24 லட்சம்.

நெட் மட்டும்தான் வழி என்பதும் இல்லை. ஆண்டுக்கு ஒரு முறை பிப்ரவரியில் நடக்கும் 'கேட்' தேர்வில் வேதியியல் பாடமும் இருக்கிறது. அந்த மார்க்கை வைத்து ஐ.ஐ.டி.க்களில் பி.எச்டி. இன்டர்வியூவுக்கு போகலாம். மார்க் 3 வருடம் செல்லும். பல்கலைக்கழகத்தில் முதல் ரேங்க் எடுத்தவர்கள், மத்திய அறிவியல் தொழில்நுட்ப துறையின் 'இன்ஸ்பயர்' உதவித்தொகைக்கு மனு போடலாம்.

'சார், ப்ராஜெக்ட் இருக்கா?'

இந்த பரீட்சை எதிலும் வரவில்லை, ஆனாலும் பி.எச்டி. ஆசை விடவில்லை. அப்படிப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் மாட்டிக் கொள்கிறார்கள்.

வேதியியல் ஆராய்ச்சி என்பது நூலகத்தில் உட்கார்ந்து எழுதுகிற வேலை இல்லை. கரைப்பான் வாங்க வேண்டும், சிலிகா ஜெல் வாங்க வேண்டும், கண்ணாடி குடுவை உடைந்தால் புதுசு வாங்க வேண்டும். செய்த பொருள் சரிதானா என்று பார்க்க என்.எம்.ஆர்., மாஸ், எக்ஸ்.ஆர்.டி. என்று ஒவ்வொரு கருவிக்கும் சாம்பிள் அனுப்ப வேண்டும். தன்னிடம் கருவி இல்லாத கல்லூரிகள் சென்னை ஐ.ஐ.டி.யில் உள்ள கருவி மையம் மாதிரி இடங்களுக்கு அனுப்பும். அங்கே ஒவ்வொரு சாம்பிளுக்கும் கட்டணம். ஒரு பி.எச்டி. முடிவதற்குள் இப்படி எத்தனையோ சாம்பிள் போகும்.

இந்த காசை யார் கட்டுவது? கைடாக இருக்கும் பேராசிரியர் கையில் ப்ராஜெக்ட் இருந்தால், அதில் இருந்து போகும். இல்லையென்றால் மாணவன் பாக்கெட்டில் இருந்துதான் போகும்.

ப்ராஜெக்ட் என்றால் வேறொன்றும் இல்லை. இந்த ஆராய்ச்சியை செய்கிறேன் என்று பேராசிரியர் எழுதி கொடுப்பார். மத்திய அரசின் அறிவியல் துறையோ, சி.எஸ்.ஐ.ஆர். அமைப்போ, 2023-ல் சட்டம் போட்டு உருவாக்கப்பட்ட அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளையோ பணம் கொடுக்கும். அந்த பணத்தில் கெமிக்கலும் வாங்கலாம், ஒன்றிரண்டு ஆராய்ச்சி உதவியாளர்களையும் சம்பளத்துக்கு வைக்கலாம். நெட், கேட் பாஸ் செய்தவர்களுக்கு ஒரு தொகை, பாஸ் செய்யாதவர்களுக்கு அதைவிட கொஞ்சம் குறைவு. அப்படி சேர்ந்து அங்கேயே பி.எச்டி.க்கு பதிவு செய்தவர்கள் ஏராளம். காரைக்குடி சிக்ரி, சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், பல்கலைக்கழகங்கள் எல்லாம் இதற்கு ஆள் எடுக்கும்போது தங்கள் இணையதளத்தில் அறிவிப்பு போடுகின்றன. பல நேரம் பரீட்சை கூட இல்லை, நேரில் போய் இன்டர்வியூ மட்டும்தான்.

எனவே கைடை பார்க்க போகும்போது கூச்சப்படாமல் 3 கேள்வி கேட்க வேண்டும். ப்ராஜெக்ட் இருக்கிறதா? இருந்தால் இன்னும் எத்தனை வருடம்? அது முடிந்த பிறகு கெமிக்கல் செலவு யாருடையது? நல்ல கைடு கோபப்பட மாட்டார். கோபப்படுகிறவரிடம் 5 வருடம் வேலை பார்ப்பது கஷ்டம் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும்.

மாநில அரசும் தருகிறது. முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை திட்டத்தில் 120 பேருக்கு மாதம் ரூ.25 ஆயிரம் என்று அறிவித்து, 2023-ல் முதல் தேர்வு நடத்தப்பட்டது. முழு நேரமாக பி.எச்டி. படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், மதம் மாறிய கிறிஸ்தவ ஆதிதிராவிடர் மாணவ-மாணவிகளுக்கு ஆதிதிராவிடர் நலத்துறை ஆண்டுக்கு ரூ.1 லட்சம் வழங்குகிறது. பகுதி நேரமாக பதிவு செய்தால் இதெல்லாம் கிடையாது. வேலையும் பார்த்துக்கொண்டு பார்ட் டைம் பண்ணுகிறேன் என்பவர்கள் இதை யோசித்துவிட்டு கையெழுத்து போட வேண்டும்.

ஒரே வகுப்பு, 2 சம்பளம்

அடுத்தது வாத்தியார் வேலை. அரசு கலை, அறிவியல் கல்லூரியில் உதவி பேராசிரியர் என்றால் தொடக்க அடிப்படை சம்பளமே ரூ.57 ஆயிரத்து 700. அகவிலைப்படி சேர்த்தால் ரூ.80 ஆயிரத்தை தாண்டும். பி.எச்டி. இருந்தால்தான் முடியும் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. 2023-ம் ஆண்டு ஜூலையில் யு.ஜி.சி. விதியை மாற்றியது. நெட் அல்லது மாநில அளவிலான 'செட்' தேர்வு பாஸ் செய்திருந்தால் போதும். செட் தேர்வை தமிழ்நாட்டில் 2025 மார்ச்சில் டி.ஆர்.பி. நடத்தியது. அதில் தப்பான பதிலுக்கு மார்க் குறைப்பு கிடையாது. ஆனால் அந்த மாநிலத்துக்குள் மட்டும்தான் செல்லும்.

தகுதி இருந்தால் வேலை கிடைத்துவிடுமா? அங்கேதான் இடிக்கிறது. 2013-ல் 1,093 பேரை எடுக்க டி.ஆர்.பி. அறிவிப்பு கொடுத்தது. 2019-ல் 2,331 இடம் என்றார்கள், அது ரத்தானது. 2024 மார்ச்சில் 4 ஆயிரம் இடம் என்றார்கள். ஆகஸ்டு 4-ந்தேதி பரீட்சை என்றும் சொன்னார்கள், தள்ளிப்போனது. 2025 அக்டோபரில் 2,708 இடங்களுக்கு புது அறிவிப்பு வந்தது. 2013-ல் எம்.எஸ்சி. முடித்த பெண்ணின் பிள்ளை, இதற்குள் உயர்நிலைப் பள்ளிக்கே போயிருக்கும்.

இந்த இடைவெளியில் கல்லூரியை ஓட்டுகிறவர்கள் கவுரவ விரிவுரையாளர்கள். அதே தகுதி, அதே லேப், அதே பிராக்டிக்கல் நோட்டு. 2024-ல் அவர்களுக்கு கிடைத்தது மாதம் ரூ.25 ஆயிரம். அதுவும் வருடத்துக்கு 11 மாதம்தான். கவுரவ விரிவுரையாளருக்கு மாதம் ரூ.50 ஆயிரம் வரை கொடுக்கலாம் என்று யு.ஜி.சி. 2019-லேயே சொல்லிவிட்டது. மே மாதம் வந்தால் வீட்டில் அடுப்பு எரிய டியூசன் எடுக்கிறார்கள். 'கவுரவம்' என்று பெயரில் மட்டும் இருந்து என்ன பயன் என்று அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

தனியார் கல்லூரிகளில் சில இடங்களில் ஒரு கொத்தனார் மாதத்தில் சம்பாதிப்பதை விட குறைவாகவே சம்பளம். போதாததுக்கு வேலையில் சேரும்போது ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி பீரோவில் வைத்து பூட்டுகிற பழக்கமும் சில இடங்களில் உண்டு. சரிபார்த்ததும் ஒரிஜினலை கையோடு வாங்கி வந்துவிட வேண்டும். நகல் கொடுத்தால் போதும்.

பள்ளிக்கூட வழி கொஞ்சம் நிதானமானது. எம்.எஸ்சி.யோடு பி.எட். முடித்திருந்தால் அரசு மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் தேர்வு எழுதலாம். அடிப்படை சம்பளம் ரூ.36 ஆயிரத்து 900. படி சேர்த்தால் ரூ.50 ஆயிரத்துக்கு மேல். 2025-ல் எல்லா பாடத்துக்கும் சேர்த்து 1,996 இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. 150 மார்க்கில் 110 மார்க் கெமிஸ்ட்ரி, 30 மார்க் கல்வியியல், 10 மார்க் பொது அறிவு. அதற்கு முன்னால் கட்டாய தமிழ் தகுதி தேர்வு 50 மார்க்குக்கு. அதில் 20 எடுக்காவிட்டால் மற்ற பேப்பரை திருத்தவே மாட்டார்கள். கெமிஸ்ட்ரியில் புலியாக இருந்து தமிழில் கோட்டை விட்டவர்களும் இருக்கிறார்கள்.

'டி.ஆர்.பி.யில் ஆள் இருக்கு, சில லட்சம் கொடுத்தா முடிச்சிரலாம்' என்று டீக்கடையில் காதை கடிக்கிற ஆசாமிகள் எல்லா ஊரிலும் உண்டு. அறிவிப்பு வந்த வாரத்தில் அவர்கள் நடமாட்டம் அதிகமாகும். நகையை அடகு வைத்து கொடுத்துவிட்டு பிறகு போலீஸ் நிலையத்துக்கு நடக்க வேண்டி வரும்.

கடைசி நேர சர்டிபிகேட்

விண்ணப்பம் போடும்போது பலர் சறுக்குகிற இடம் ஒன்று உண்டு. நம்ம ஊரில் பி.சி., எம்.பி.சி. சாதி சான்றிதழ் எல்லோர் வீட்டிலும் இருக்கும். டி.ஆர்.பி. தேர்வுக்கு அது போதும். ஆனால் நெட், கேட் போன்ற மத்திய தேர்வுகளுக்கு அது செல்லாது. மத்திய அரசு படிவத்தில், வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்று குறிப்பிட்ட ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். மாநில பட்டியலில் உள்ள எல்லா சாதியும் மத்திய பட்டியலில் இருப்பதில்லை. அதையும் முதலிலேயே பார்த்துவிட வேண்டும்.

இ-சேவை மையத்தில் பதிவு செய்தால் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் என்று ஒவ்வொரு மேஜையாக போய் வர நாளாகும். அறிவிப்பு வந்த பிறகு ஓடினால், அங்கே வரிசையில் உங்களுக்கு முன்னால் 40 பேர் நிற்பார்கள்.