ஆறாத புண்ணை அளக்கும் படம்

உரிய சிகிச்சை அளித்த பிறகும் வாரக்கணக்கில் ஆறாமல் நிற்கும் புண்ணை மருத்துவர்கள் நாட்பட்ட புண் என்கின்றனர். நெடுநாள் படுத்திருப்போரின் படுக்கைப் புண்ணும், சிரைகளில் ரத்தம் தேங்குவதால் கணுக்காலை ஒட்டி வரும் புண்ணும் இவ்வகையைச் சேர்ந்தவை என்றாலும், சர்க்கரை நோயாளியின் பாதப் புண்ணே இவற்றுள் அதிகக் கவலைக்குரியது. சென்னையிலுள்ள மதராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சேர்ந்து நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக மதிப்பிட்டது. இந்நோயில் பாத நரம்புகள் உணர்விழந்துவிடுவதால், புண் முற்றுவதை எச்சரிக்க வேண்டிய வலியே பலருக்கு வருவதில்லை. வலி சொல்ல வேண்டியதை அளவுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

அளவு எவ்வளவு சொல்லும் என்பதற்கு, 2003-இல் ‘டயாபடிஸ் கேர்’ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு வலுவான சான்று. நான்கு வாரங்களில் புண்ணின் பரப்பு 53 விழுக்காட்டுக்கு மேல் சுருங்கியவர்களில் 58 விழுக்காட்டினருக்குப் பன்னிரண்டாம் வாரத்துக்குள் புண் முழுவதும் ஆறியது. அந்த அளவுக்குச் சுருங்காதவர்களில் ஆறியது 9 விழுக்காட்டினருக்கே. ஆகவே முதல் மாதத்துப் பரப்பைப் பிழையின்றி அறிவது சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடியது. இன்றும் பெரிதும் வழக்கத்திலுள்ள முறையோ, ஸ்கேலை வைத்து நீளத்தையும் அகலத்தையும் பெருக்குவதுதான். 4 செ.மீ. விட்டமுள்ள வட்டப் புண்ணை இம்முறை 16 சதுர செ.மீ. என்று காட்டும், அதன் உண்மைப் பரப்போ 12.6 சதுர செ.மீ.க்கும் குறைவு.

டிஜிட்டல் படத்தில் புண்ணின் விளிம்பை விரலாலோ மென்பொருளாலோ வரைந்தபின், அதற்குள் அடங்கும் பிக்சல் எனப்படும் படப்புள்ளிகள் எண்ணப்படுகின்றன. அருகில் ஒட்டிய ஸ்டிக்கரின் 1 செ.மீ. கோடு படத்தில் 100 புள்ளிகளாக விழுந்தால், 10,000 புள்ளிகள் ஒரு சதுர செ.மீ. என்பது கணக்கு. எந்தச் சின்ன அளவுகோலும் இல்லாமல் எடுத்த படம் எத்தனை தெளிவாக இருந்தாலும் அளவீடு ஆகாது. கேமரா 30 டிகிரி சாய்ந்தாலே பரப்பு சுமார் 13 விழுக்காடு குறைந்து தெரியும் என்பதால், ஒரு வாரம் நேராகவும் மறுவாரம் சாய்த்தும் எடுத்த இரு படங்கள் நடக்காத குணத்தை நடந்ததாகக் காட்டிவிடும். கோடு மட்டுமுள்ள ஸ்டிக்கரைவிடச் சதுர வடிவ ஸ்டிக்கர் மேலானது இதனால்தான். படத்தில் சதுரம் எவ்வளவு கோணியிருக்கிறது என்பதைக் கொண்டு மென்பொருள் சாய்வைக் கண்டறிந்து திருத்திக்கொள்ளும். குதிகால் போன்ற வளைந்த இடங்களுக்கு முப்பரிமாணக் கேமராக்கள் வேண்டும்.

நிறமும் செய்தி சொல்கிறது. புதிதாக வளரும் சதை சிவப்பாகவும், அழுகிப் படிந்த திசு மஞ்சளாகவும், இறந்த சதை கறுப்பாகவும் தெரியும். ஆனால் ஈரப் புண்ணின்மேல் ஃபிளாஷ் வெளிச்சம் பட்டால் பளபளப்பு வெண்திட்டாகப் பதியும். மஞ்சள் விளக்கின்கீழ் நல்ல சதையும் நிறம் மாறித் தெரியும். எனவே நிற அட்டையை உடன்வைத்துப் படமெடுப்பது நல்லது. வெளிர்நிறத் தோலின் படங்களை மட்டுமே கொண்டு பயிற்றப்பட்ட மென்பொருள், கருநிறத் தோலில் ஊதா சாயலாகத் தோன்றும் அழற்சியைத் தவறவிடக்கூடும் என்பதை நம் மருத்துவமனைகள் கருத்தில் கொள்வது மிக அவசியம். ஊதா ஒளியைப் பாய்ச்சும் சிறப்புக் கேமராக்களும் உண்டு. அவ்வொளியில் பல பாக்டீரியாக்கள் தம்முள் உள்ள வேதிப்பொருளால் சிவப்பாக ஒளிர்வதால், கண்ணுக்குத் தெரியாத கிருமித் திரளின் இடம் புலப்படுகிறது.

கேமரா மேற்பரப்பைத்தான் காணும். தோலுக்கடியில் குடைந்து செல்லும் சீழ்ப் பாதையையும், எலும்பைத் தொட்டுவிட்ட ஆழத்தையும் மருத்துவர் சலாகையை விட்டுப் பார்த்தே அறிய முடியும். இறந்த சதையை வெட்டி அகற்றிய அன்று புண் பெரிதாகத் தெரிவது இயல்பு; அதைப் பின்னடைவு என்று கொள்ளாதிருக்க, அகற்றிய பின் எடுத்த படத்தையே ஒப்பீட்டின் தொடக்கமாக வைக்க வேண்டும். அங்கிருந்து நான்கு வாரங்களில் பரப்பு பாதியாகக் குறையாவிட்டால், அதே களிம்பைத் தொடர்ந்து காத்திருக்காமல், காலுக்கு ரத்தம் போதிய அளவு செல்கிறதா, எலும்பில் கிருமித்தொற்று உள்ளதா, நடக்கையில் புண்மேல் எடை விழுகிறதா என்ற மூன்றையும் மருத்துவர் மறுபடி ஆராய வேண்டும்.