விரலுக்கு முன்னே ஓடும் சத்தம்

கச்சேரி மேடைக்குப் பக்கத்தில் எல்.இ.டி. திரை வைப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. தனி ஆவர்த்தனம் சூடுபிடிக்கும் நேரத்தில் முன்வரிசையில் இருந்து அந்தத் திரையைக் கவனியுங்கள். மிருதங்கத்தின் சத்தம் வந்துவிடும்; விரல் அதற்குப் பிறகுதான் இறங்கும். விநாடிக்கு எட்டு அடி விழும் வேகத்தில் ஓர் அடிக்குக் கிடைப்பது 125 மில்லி விநாடி. படம் அவ்வளவு பின்தங்கினால், காது கேட்பது ஒரு சொல், கண் பார்ப்பது அதற்கு முந்தைய சொல். மணிக்கணக்கில் சாதகம் செய்து வந்த கலைஞருக்கு இது பெரிய அநியாயம்.

கேமரா, ஸ்விட்சர், திரையின் பிராசசர் என ஒவ்வொன்றும் பொதுவாக ஒரு ஃபிரேமையாவது பிடித்துவைத்துத்தான் அடுத்ததற்குத் தருகிறது. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒன்றுக்கு 40 மில்லி விநாடி. இதோடு நின்றால் சமாளிக்கலாம். ஆனால் பல இடங்களில் ரெக்கார்டரையோ கேப்சர் கார்டு போட்ட கணினியையோ நடுவில் நுழைத்து, அதிலிருந்து திரைக்கு ஒயர் இழுக்கிறார்கள். தாமதம் சட்டென்று கூடுவது இங்கேதான். ஸ்விட்சரிலிருந்தே சிக்னலைப் பிரித்து, ஒன்றைத் திரைக்கு நேராகவும் இன்னொன்றைப் பதிவுக்கும் கொடுத்துவிட வேண்டும். இந்த ஒரு மாற்றத்திலேயே பாதித் தொல்லை தீரும்.

சத்தம் படத்தை முந்துவதைத்தான் நாம் சட்டென்று கண்டுபிடிக்கிறோம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி, ஒலி சுமார் 45 மில்லி விநாடி முந்தினாலே தெரிந்துவிடும். பிந்தினால் 125 வரை தெரியாது. தூரத்தில் துணி துவைப்பவரின் அடி, கண்ணுக்குத் தெரிந்த பிறகுதானே காதுக்கு வருகிறது? அந்த வரிசை நமக்குப் பழகியது. ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகிறது. 30 மீட்டர் பின்னால் இருப்பவருக்கு அது 87 மில்லி விநாடி தாமதமாகச் சேரும். இரண்டு ஃபிரேம் பிந்திய படம் அவருக்குப் பொருந்திவிடும். திரையை நம்பியிருப்பவரும் அவர்தான். ஆகவே அரங்கின் பின்பாதியில் உட்கார்ந்து சரிபார்ப்பதே முறை.

படத்தோடு சேர்க்கிறேன் என்று அரங்க ஸ்பீக்கரைத் தாமதப்படுத்துவது ஆபத்து. முன்வரிசைக்கு மேடையிலிருந்து நேராக ஒரு சத்தம், ஸ்பீக்கரிலிருந்து இன்னொன்று என இரட்டிக்கும். கலைஞருக்கு முன்னால் இருக்கும் மானிட்டரில் கை வைக்கவே கூடாது, தாளம் குலைந்துவிடும்.

பதிவுக்கும் நேரலைக்கும் போகும் ஒலியில் மட்டும் தாமதம் சேர்க்கலாம், சேர்த்தே ஆகவேண்டும். நிகழ்ச்சிக்கு முன் கேமரா எதிரே ஒருவரைக் கை தட்டச் சொல்லிப் பதிவுசெய்து, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தால் போதும். மூன்று ஃபிரேம் இடைவெளி இருந்தால், மிக்சரில் அந்த அவுட்டுக்கு மட்டும் 120 மில்லி விநாடி. இடையில் கேமராவையோ ஸ்விட்சரின் அமைப்பையோ மாற்றினால் இந்தக் கணக்கு செல்லாது. மறுபடியும் கை தட்டிப் பார்க்க வேண்டும்.