விரிவாக்க இறையியல் கல்வி
விரிவாக்க இறையியல் கல்வி என்பது உள்ளூர்த் திருச்சபைத் தலைவர்களை அவர்கள் வாழும் வட்டாரத்திலேயே பயிற்றுவிக்கும் முறையாகும். இது 1963இல் மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில், பிரஸ்பிட்டேரியன் இறையியல் கல்லூரியில் தொடங்கியது. ரால்ஃப் வின்டர், ஜேம்ஸ் எமரி, ராஸ் கின்ஸ்லர் ஆகியோர் இதன் முன்னோடிகள்.

தலைநகரில் தங்கிப் படித்தவர்களில் பலர் கிராமச் சபைகளுக்குத் திரும்பவில்லை. அச்சபைகளை உண்மையில் நடத்தியவர்களோ, குடும்பத்தையும் பிழைப்பையும் விட்டுக் கல்லூரிக்கு வர இயலாதவர்கள். எனவே கல்லூரி அவர்களைத் தேடிச் சென்றது. மாணவர்கள் வீட்டிலிருந்தே பாடநூல்களைப் படித்து, வாரந்தோறும் வட்டார மையத்தில் ஆசிரியருடன் கலந்துரையாடினர். அவரவர் பள்ளிப் படிப்புக்கேற்பப் பாடங்கள் வெவ்வேறு நிலைகளில் அமைந்தன.

பின்னர் இம்முறை இந்தியா உட்படப் பல நாடுகளுக்குப் பரவியது. நூலக வசதியும் சக மாணவருடன் தங்கிப் பழகும் வாய்ப்பும் குறைவு என்பது இதன் குறை. கற்றதை அந்த வாரமே சபையில் பயன்படுத்திப் பார்க்கலாம் என்பது இதன் சிறப்பு.